நேரே வீட்டுக்குப் போகக்கூடாது

புந்தா மாயா ஊரில் புயல் வருகிறது என்று சொல்வது பிலோவின் வேலை. ஊர்க்காவலர் என்று கழுத்தில் ஓர் அட்டை, கையில் கீறல் விழுந்த ஒலிபெருக்கி, காலில் ரப்பர் செருப்பு. அந்தக் கடற்கரைத் தெருவில் அவர் குரல் கேட்காமல் ஒரு புயலும் கரையேறியதில்லை.

"வர்றா பாருங்க உங்க பழைய காதலி! சொல்லிட்டுத்தான் வர்றா. வந்தா சாமானை உடைப்பா, கூரையைப் பிரிப்பா. நடுவுல கொஞ்ச நேரம் நிறுத்திட்டுச் சிரிப்பா. அந்தச் சிரிப்பை மட்டும் நம்பிடாதீங்க, சொல்லிட்டேன்!"

தெரு முழுக்கச் சிரிக்கும். சிரித்துக்கொண்டே பாயைச் சுருட்டும், பானையைக் கட்டும், சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறும். அந்தச் சனத்தைச் சிரிக்க வைத்தால் மலைக்கும் ஏற்றிவிடலாம். அதட்டினால் ஓர் அடி நகராது.

அப்பேர்ப்பட்ட பிலோ, அந்த வருடத்தின் பெரிய புயல் கடலில் உருண்டுகொண்டிருந்த நேரம் பார்த்து, மத்தியானம் மீன் குழம்பும் சோறும் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர், எழுந்திருக்கவே இல்லை. இப்படியா சமயம் பார்த்துப் போவான் ஒரு மனுஷன்!

ஒலிபெருக்கி செரிங்கின் கைக்கு வந்தது. செரிங் ஊராட்சி உறுப்பினர். பேரிடர்க் குழுவுக்கும் அவள்தான் தலைவி. நாற்பத்தெட்டு வயது, தனிக்கட்டை, கறார் பேர்வழி. செரிங் சிரித்தால் பள்ளிக்கூடத்துக்கு லீவு விடுவார்கள் என்று பிள்ளைகள் கேலி பேசும். புயல் விஷயத்தில் அவளைவிட அதிகம் படித்தவர் அந்த ஊரில் கிடையாது. என்ன பிரயோசனம்? அவள் தெருவில் இறங்கி, "பொதுமக்கள் அனைவரும் உடனே கிளம்பவும்! தாமதிப்பவர்கள் மீது நடவடிக்கை எடுக்கப்படும்!" என்று கத்தினாள்.

ஒரு ஜன்னலிலிருந்து பதில் வந்தது. "என்ன நடவடிக்கைக்கா? புயலை அனுப்பி வைப்பீங்களா?"

தெருவே விழுந்து விழுந்து சிரித்தது. ஒருத்தரும் பாயைச் சுருட்டவில்லை. செரிங் வீடு வீடாக ஏறிக் கெஞ்சி, திட்டி, இரண்டு கிழவர்களைக் கையைப் பிடித்து இழுத்து, தொண்டை கட்டி, ஒரு வழியாகச் சாயங்காலத்துக்குள் ஊரை மேட்டுக் கூடத்தில் கொண்டுவந்து அடைத்தாள்.

அந்தக் கூடம் போன பெரிய புயலுக்குப் பிறகு கட்டியது. கான்கிரீட் கூரை, இரும்புக் கதவு, ஒரு மேடை, மேடைக்கு ஒரு நீலத்திரை. கட்டடத்தைவிடப் பெரிதாக அதைக் கட்டிக்கொடுத்தவரின் பெயர் வாசலில் எழுதியிருக்கும். அவருடைய படம் போட்ட நிவாரணப் பைகள் புயலுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்துவிட்டன. உள்ளே போடவேண்டிய அரிசியும் மத்தி டப்பாவும் பின்னால் வருமாம். "பையையாவது அவிச்சுத் தின்னுவோம், மனுஷன் நல்லா கொழுகொழுன்னு இருக்காரு" என்றார்கள் பெண்கள்.

எல்லோரும் வந்தார்கள், பிலோவின் பெண்சாதி பாசிங் வரவில்லை.

"அவரை ஒத்தையில விட்டுட்டு நான் எங்கயும் வரமாட்டேன்" என்று சவப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். வீட்டுக் கூடத்தில் வெள்ளைப் பெட்டி, முகம் தெரிய ஒரு கண்ணாடி, நாலு மெழுகுவத்தி, துக்கத்துக்கு வந்து ராவெல்லாம் சீட்டாடி விழித்திருக்கிறவர்களுக்கென்று டப்பா டப்பாவாக பிஸ்கட்டும் வேர்க்கடலையும் வாங்கி அடுக்கியிருந்தது. இன்னும் இரண்டு நாளில் அடக்கம் என்று முடிவாகியிருந்தது. செரிங் அரைமணி நேரம் பேசிப் பார்த்தாள். பாசிங் அசையவில்லை. கடைசியில், "சரிக்கா, அவரும் வரட்டும்" என்று ஆளைக் கூப்பிட்டாள்.

காற்றில் தென்னை மட்டை பறக்கிற வேளையில் ஆறு பேர் பெட்டியைத் தூக்கி மேடேறினார்கள்; பிஸ்கட் டப்பாக்களும் மெழுகுவத்திகளும் பின்னாலேயே வந்தன. கூடத்து வாசலில் ரொமுலோ குறுக்கே நின்றான்.

ரொமுலோ ரொட்டிக்கடைக்காரன். கடற்கரைச் சாலையில் கீழே கடை, மேலே வீடு, பின்னால் பன்றிக் கொட்டில். நல்லவன்தான், ஆனால் பயந்தாங்கொள்ளி; அதை மறைக்கக் கொஞ்சம் அதிகமாகப் பேசுவான்.

"என்னக்கா இது? பிணத்தோட ஒரே கூரைக்கடியிலயா? பிள்ளத்தாச்சிங்க இருக்காங்க, கைக்குழந்தைங்க இருக்கு. அதுவும் விடுங்க. இங்க துக்கம் நடந்தா நாளைக்கு நாங்க எப்படி வீட்டுக்குப் போறது? வழியில நிக்க ஒரு கடை திறந்திருக்குமா? நிக்காம நேரே போய், அவரையும் கூட்டிக்கிட்டா வீட்டுக்குள்ள நுழையச் சொல்றீங்க?"

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. துக்க வீட்டுக்குப் போய்விட்டு நேரே வீடு திரும்பக்கூடாது. வழியில் எங்கேயாவது நின்று, ஒரு காபி குடித்து, ஒரு ரொட்டியைக் கடித்து, கூட ஒட்டிக்கொண்டு வந்த ஆவியை அங்கேயே உதறிவிட்டுத்தான் போகவேண்டும். பக்பக் என்பார்கள். இதில் படித்தவர், படிக்காதவர் என்ற பேதமே கிடையாது. நகரத்து ஆஸ்பத்திரி நர்ஸ்கூட துக்கத்துக்கு வந்தால் ரொமுலோவின் கடையில் இரண்டு ரொட்டி தின்றுவிட்டுத்தான் பஸ் ஏறுவாள். அவன் வியாபாரத்தில் பாதி ஊர்ச் சாவுகளால் நடப்பதுதான்.

கூட்டம் ரொமுலோ பக்கம் சாய்ந்தது. ஊர்த்தலைவர் நார்சிஸோவை எல்லோரும் பார்த்தார்கள்; தலைவரை அங்கே கேப்டன் என்பார்கள். அவர் வாழ்நாளில் ஒருத்தரிடமும் முடியாது என்று சொன்னதில்லை. முடியும் என்றும் சொன்னதில்லை. தலையைச் சொறிந்து, தொண்டையைச் செருமி, ஒரு தீர்ப்புச் சொன்னார்.

"பெட்டி உள்ளே வரலாம். ஆனா இது துக்கம் இல்லை. பிலோவும் நம்மள மாதிரி புயலுக்கு ஒதுங்க வந்திருக்காரு. அவ்வளவுதான்."

செரிங்குக்கு அப்போது கதவை மூடினால் போதும் என்றிருந்தது. ஒலிபெருக்கியில் உரக்கச் சொன்னாள். "எல்லாரும் கேட்டுக்கங்க, இது துக்க வீடு இல்லை. மெழுகுவத்தி கிடையாது, ஜெபம் கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. பெட்டி திரைக்குப் பின்னாடி இருக்கும்."

பிலோவின் ஒலிபெருக்கியிலேயே அதைச் சொன்னாள். பாசிங் அவளை ஒரே ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். நீலத்திரைக்குப் பின்னால் போய், பெட்டிக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். அந்தப் பார்வை செரிங்கின் முதுகில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. ஆனால் தண்ணீர் பீப்பாய், கக்கூஸ் வரிசை, அழுகிற குழந்தைகள் என்று ஆயிரம் வேலை.

விடிந்தபோது காற்று கூடத்தைப் பிடித்து உலுக்கியது. இரும்புக் கதவு பல்லைக் கடித்தது. மழை பக்கவாட்டில் வந்தது. அரிசி வரவில்லை, பைகளில் இருந்த முகம் மட்டும் எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. குழந்தைகள் பசியில் சிணுங்க ஆரம்பித்ததும் நீலத்திரை கொஞ்சம் விலகியது. பாசிங்கின் கை பிஸ்கட் டப்பாக்களை ஒவ்வொன்றாக வெளியே தள்ளியது. பிறகு வேர்க்கடலை. பிறகு திரை மூடிக்கொண்டது. எந்தப் பிஸ்கட், யாருக்காக வாங்கியது என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் எல்லோரும் தின்றார்கள், ரொமுலோ உட்பட. பசி வந்தால் எவன் யோசிப்பான்?

மத்தியானம் காற்று நின்றது.

குறையவில்லை, அப்படியே நின்றது. யாரோ கதவைத் திறந்தார்கள். வெயில்! கழுவிவிட்ட மாதிரி வானம். சேவல்கள் ஒன்றுக்கொன்று கூவிக்கொண்டன. சனம் வாசலுக்கு வந்து, கையைக் கண்ணுக்கு மேல் வைத்து, கீழே ஊரைப் பார்த்தது. சில கூரைகள் போயிருந்தன. பல கூரைகள் இருந்தன. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வீட்டு ஞாபகம் வந்துவிட்டது.

செரிங்குக்குத் தெரியும். இது புயலின் கண். பாதிப் புயல்தான் போயிருக்கிறது. மீதிப் பாதி எதிர்ப்பக்கமிருந்து வரும், கடலையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு வரும். போன பெரிய புயலிலும் இப்படித்தான் வெயில் அடித்தது. அவள் தம்பி எல்மர் இப்படித்தான் வாசலுக்குப் போய், கோழிக்குத் தீனி போட்டுவிட்டு வருவதாகச் சொன்னான். "இதோ வந்துர்றேன்க்கா" என்றான். இரண்டு நாள் கழித்து பிலோதான் அவனை அலையாத்திக் காட்டிலிருந்து தோளில் போட்டுத் தூக்கி வந்தார். அந்த வாரம் ஊரில் பிணத்துக்குக் கணக்கில்லை. குழி வெட்டியது, மூடியது. எல்மருக்குத் துக்கம் வைக்கவில்லை, ஒரு மெழுகுவத்தி கொளுத்தவில்லை, ஒருத்தரும் உட்கார்ந்து ஒரு பிஸ்கட் கடிக்கவில்லை.

அவள் ஓடிப்போய் வாசலில் கையை விரித்து நின்றாள்.

"யாரும் போகாதீங்க! இது கண்ணு! திரும்ப வரும்!"

"தெரியும்க்கா, சீக்கிரம் வந்துருவோம்."

"கூரைத் தகட்டை மட்டும் கட்டிப்போட்டுட்டு வர்றேன்."

"என் துணியெல்லாம் கொடியில கெடக்கு செரிங்கு!"

"கொடியே கெடக்காதுடி, துணி எங்க கெடக்கும்!" என்றாள் இன்னொருத்தி. சிரிப்பு. அந்தச் சிரிப்போடு சனம் நகர்ந்தது. பிலோ இருந்தால் இந்த இடத்தில் ஒரு வார்த்தை போட்டு அத்தனை பேரையும் உட்காரவைத்திருப்பார். செரிங்குக்கு வாயில் வந்ததெல்லாம் கத்தல்தான்.

ரொமுலோ முன்னால் வந்து நின்றான். அவனுடைய தாய்ப்பன்றி நிறை சினை. தூக்கி வரவும் முடியாமல், ஓட்டி வரவும் முடியாமல் கொட்டிலில் விட்டுவிட்டு வந்திருந்தான். "தனியா கெடக்குக்கா அது. இன்னிக்கோ நாளைக்கோ குட்டி போட்டுரும். கயித்தை அவுத்து விட்டுட்டு, இதோ வந்துர்றேன்க்கா."

அதே வார்த்தை. எல்மரும் இவனும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். காலையில் இவன் கடையில்தான் எல்மர் இரண்டு ரொட்டி வாங்குவான். ஒன்றை வழியிலேயே தின்றுவிட்டு, மற்றதை அக்காவுக்கு என்று கொண்டுவருவான்.

அவளுக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது, ஒலிபெருக்கியை வாயில் வைத்து அலறினாள்.

"நேரே வீட்டுக்குப் போகக்கூடாது! இது துக்க வீடு!"

கூட்டம் சட்டென்று நின்றது. வாசல்படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக இருந்தவர்கள் காலைப் பின்னால் எடுத்துக்கொண்டார்கள்.

"நேத்து நீங்கதானே துக்கம் இல்லைன்னீங்க?" என்றான் ரொமுலோ.

"கேப்டன்தான் சொன்னாரு."

"நானா?" என்றார் கேப்டன். "நான் தற்காலிகமாத்தான் சொன்னேன்."

"பிஸ்கட் தின்னீங்களா இல்லியா?" செரிங் விடவில்லை. "துக்கத்துக்கு வாங்கின பிஸ்கட். கடலையும் தின்னீங்க. பெட்டி உள்ள இருக்கு. வேற எதுக்குப் பேரு துக்கம்?"

அவ்வளவுதான், கூட்டம் ஊர்க்கூட்டமாக மாறிவிட்டது. இந்த ஊரில் இரண்டு பேர் சேர்ந்தால் ஒரு கூட்டம். கூட்டம் என்றால் ஒரு தீர்மானம். பிஸ்கட் தின்றால் துக்கத்துக்கு வந்ததாக அர்த்தமா? குழந்தைகளுக்கும் அது பொருந்துமா? கடலை மட்டும் தின்றவர்கள் நிலை என்ன? பின்னாலிருந்து ஒருவர், "வழிமொழிகிறேன்!" என்று கை தூக்கினார். எதை என்று யாரும் கேட்கவில்லை, அவருக்கும் தெரியாது. தொழுவத்தில் வாத்துக்கு ஆபத்து என்று ஒருத்தி அழுதாள். வழியில் கோவிலில் நின்று உதறிவிடலாமே என்று ஒரு யோசனை வந்தது. கேப்டன் தலையாட்டிவிட்டு, கோவில் பூட்டியிருக்கிறது, சாவி நகரத்தில் பாதிரியாரிடம் இருக்கிறது என்றார். அந்த மனிதர் உருப்படியாகப் பேசியது அன்றைக்கு அது ஒன்றுதான்.

"என் கடை எதுக்கு இருக்கு?" ரொமுலோவுக்குத் திடீரென்று வெளிச்சம் வந்தது. "எல்லாரும் வாங்க. நான் திறக்கறேன். ஆளுக்கொரு பழைய ரொட்டி, என் செலவு. அங்கயே உதறிட்டு அவங்கவங்க வீட்டுக்குப் போங்க!"

ஆரவாரம்! ரொமுலோவை அன்றைக்குத் தேர்தலில் நிறுத்தியிருந்தால் கேப்டன் வீட்டுக்குப் போயிருப்பார். கூட்டம் மறுபடி அசைந்தது. தோற்றுவிட்டோம் என்று செரிங்குக்குத் தெரிந்தது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

அப்போது மேடையில் சரக்கென்று சத்தம். நீலத்திரை ஒரு பக்கமாகப் போனது. வெள்ளைப் பெட்டிக்குப் பக்கத்தில் பாசிங் நின்றாள்.

அவள் ரொமுலோவைப் பார்க்கவில்லை. செரிங்கைப் பார்த்தாள்.

"நேத்து துக்கம் இல்லைன்ன. இன்னிக்கு உனக்கு வேணும்னதும் துக்கமாயிருச்சா?"

செரிங் ஒலிபெருக்கியைக் கீழே இறக்கினாள்.

"தப்புதான்க்கா. நேத்து நான் சொன்னது தப்பு. எல்மருக்கு ஒரு மெழுகுவத்திகூட வைக்கலை. அது எப்படி வலிக்கும்னு என்னைவிட யாருக்குத் தெரியும்? தெரிஞ்சே உனக்கும் பண்ணிட்டேன்." வாசலைக் காட்டினாள். "இப்ப நான் கேக்கறது எனக்காகத்தான். இன்னொருத்தன் வெயிலைப் பாத்துட்டு வெளிய போறதை என்னால பாக்க முடியாதுக்கா."

பாசிங் மேடை ஓரத்துக்கு வந்தாள். கட்டை குட்டையான பெண்பிள்ளை, ஆனால் மேடையில் நின்றால் ஆறடி மாதிரி இருந்தது.

"ரொமுலோ, இங்க பாரு. உன் கடை எங்க இருக்கு?"

"கடற்கரைச் சாலையில."

"உன் வீடு?"

"கடைக்கு மேல."

"அப்ப கடையைத் திறக்க நீ எங்க போற? நேரே வீட்டுக்குப் போற!"

ரொமுலோ வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"மத்தவங்க உன் கடையில உதறுவாங்க. நீ எங்க உதறுவ? இத்தனை பேர் உதறினதும் உன் வீட்டுக்குள்ள வந்து விழும். போ, தாராளமா போ. அவருக்கு உன் கடைன்னா உயிரு. உயிரோட இருந்தப்பவே எவன் கூப்பிட்டாலும் பின்னாலயே போற மனுஷன். தென்னங்கள்ளுக்கு ஒரு வீடு, வறுத்த மீனுக்கு ஒரு வீடு. என் வீட்டுக்குத் தூங்க மட்டும் வருவாரு. மத்த வீட்டுக்குக் கூப்பிடாமயே போவாரு. செத்ததுக்கப்புறமா திருந்தப் போறாரு?"

முதலில் ஒரு கிழவர் குலுங்கினார். பிறகு பக்கத்திலிருந்தவள். பிறகு கூடம் முழுக்கச் சிரிப்பு, கண்ணில் தண்ணீர் வருகிற சிரிப்பு. ரொமுலோவும் சிரித்தான், ஆனால் வாசலிலிருந்து ஒரு எட்டு உள்ளே வந்துவிட்டான். சாவியை யாரிடமாவது கொடுத்தனுப்பலாமா என்று முனகினான். ஒருத்தரும் கை நீட்டவில்லை.

பாசிங் சிரிக்கவில்லை. "துக்கம்னா துக்கமா நடத்துங்க. மெழுகுவத்தியைக் கொளுத்துங்க. என் புருஷனை இருட்டுல வெச்சு மூடினீங்கள்ல, இப்ப வரிசையா வந்து அவரு முகத்தைப் பாருங்க. இந்த முகம் எத்தனை புயலுக்கு உங்க வீட்டுக் கதவைத் தட்டியிருக்கு? பாத்துட்டு எவனுக்கு மனசு வருதோ, அவன் வெளிய போகட்டும்."

வரிசை நின்றது. அந்த ஊரில் வரிசை நிற்பது லேசான காரியமில்லை. அரிசிக்கே முண்டியடிக்கிற சனம் அது. ஆனாலும் நின்றது. முதலில் வந்த கிழவி கண்ணாடியில் குனிந்து, "பாவி மனுஷா, என் வீட்டு வாசல்ல நின்னு என்னை அழகின்னு ஒலிபெருக்கில சொன்னியே, ஊரே கேட்டுச்சே" என்றாள். அடுத்தவர், நெஞ்சளவு தண்ணீரில் பிலோ தன்னை முதுகில் தூக்கிப்போனதையும், போகிற வழியெல்லாம் உப்பு மூட்டைக்கு என்ன விலை என்று கேட்டுக்கொண்டே போனதையும் சொன்னார். ஆளுக்கு ஒரு கதை இருந்தது. ஒருத்தர் சொன்னதை அடுத்தவர் திருத்தினார். பிலோ சொன்ன வசனம் இதுவா அதுவா என்று சண்டை வந்தது. வரிசை நத்தையாக ஊர்ந்தது. எந்தத் துக்க வீட்டிலும் அப்படித்தானே! வெயில் வாசலில் வெறுமனே அடித்துக்கொண்டிருந்தது.

செரிங் கதவருகில் நின்று வானத்தின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ரொமுலோவின் முறை வந்தது. அவன் பெட்டிக்கு முன்னால் நின்றான். "வாசல்ல மறிச்சேன் அண்ணே. பயத்துல மறிச்சேன். மனசுல வெச்சுக்காதீங்க" என்றான். அழுகை வந்ததும், பெட்டிக் கண்ணாடியில் கண்ணீர் விழுந்தால் ஆகாது என்று பாசிங் அவன் தலையைப் பிடித்து ஓரமாகத் தள்ளினாள். தள்ளிய கையை எடுக்காமல் அப்படியே அவன் தலையில் வைத்திருந்தாள்.

அந்த நேரத்தில்தான் வாசலில் வெயில் அணைந்தது. "கதவு!" என்றாள் செரிங். நாலு பேர் பாய்ந்து மூடித் தாழ்ப்பாள் போட்டார்கள். போட்டதுதான் தாமதம், எதிர்ப்பக்கமிருந்து காற்று வந்து அறைந்தது. கூடவே கீழே கடற்கரைப் பக்கமிருந்து ஓர் இரைச்சல். அந்த இரைச்சலை ஏற்கெனவே ஒரு தடவை கேட்டவர்கள் அங்கே நிறையப் பேர் இருந்தார்கள். ரொமுலோ பெட்டியின் விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

செரிங் தலைகளைப் பார்த்தாள். ஒவ்வொரு தலையாகப் பார்த்தாள். ஒருத்தர் குறையவில்லை. அதற்கப்புறம்தான் கதவில் முதுகைச் சாய்த்து, இத்தனை வருஷத்து அழுகையை மடை திறந்தமாதிரி அழுது தீர்த்தாள். காற்றுச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. சாயங்காலம் அவளே போய் ஒரு சீட்டுக்கட்டைக் கொண்டுவந்து பெட்டிக்கு முன்னால் வைத்தாள். கேப்டன் கலைத்தார்.

மறுநாள் முழுக்க ஊர் சேர்ந்து வழி வெட்டியது. கடற்கரைச் சாலையில் பாதி வீடுகள் இருந்த இடத்தில் மணல் இருந்தது. ரொமுலோவின் கொட்டிலைக் கடல் தூக்கிப் போயிருந்தது. கடையின் முன்சுவரும் இல்லை. கீழே செங்கல் அடுப்பு மட்டும் நின்றது. மாடியில் ஏற்றிவைத்த மாவு மூட்டைகள் பிழைத்திருந்தன. பன்றியைக் காணோம். அவன் கடைக்குப் போகும் முன், முறைப்படி உதறுவதற்காகக் கோவிலில் நின்றிருக்கிறான். பூட்டிய கதவைக் காற்று பெயர்த்துப் போட்டிருந்தது. உள்ளே பீடத்துக்குக் கீழே, நனையாத கம்பளத்தில், தாய்ப்பன்றி சாவகாசமாகப் படுத்துக் குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தது. கொட்டிலைக் கடல் தூக்கும் முன்பே கயிற்றை அறுத்துக்கொண்டு, தானாகவே மேடேறியிருக்கிறது. "என்னைவிட அதுக்கு அறிவு ஜாஸ்தி" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். ஒருத்தரும் மறுக்கவில்லை.

அதற்கடுத்த நாள் காலை கூடத்திலிருந்தே பிலோவைக் கல்லறைக்கு எடுத்தார்கள். எப்படியும் எல்லோரும் அங்கேதானே இருந்தார்கள்! முழு ஊரும் பின்னால் நடந்தது. தலையில் பாய், கையில் பானை, கக்கத்தில் சேவல், தோளில் குழந்தை. மேயர் செத்தால்கூட அந்த ஊரில் அவ்வளவு பெரிய ஊர்வலம் போகாது. குழி மூடியதும் பாசிங் ஒலிபெருக்கியை வாங்கி மண்மேட்டின் மேல் கொஞ்ச நேரம் வைத்தாள். பிறகு எடுத்து, துடைத்து, செரிங்கின் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

இறங்குகிற வழியில் சுவரில்லாத ரொட்டிக்கடையில் அடுப்பு எரிந்தது. வாசனை சாலை வளைவு வரை வந்தது. எல்லோரும் நின்றார்கள். உதறவேண்டுமே. ரொமுலோ சூடு ரொட்டியை அள்ளி அள்ளிக் கொடுத்தான். சனம் மணலில் உட்கார்ந்து தின்றது, பிலோவை நல்லபடியாக உதறியது.

பாசிங் நிற்கவில்லை. நடந்துகொண்டே இருந்தாள். அவள் வீடு மேட்டுச் சரிவில், சுவர் இருந்தது, கூரை இல்லை.

"பாசிங்கக்கா, நில்லுங்க! ஒரு ரொட்டி!"

"நான் எதுக்கு நிக்கணும்? நான் எதுக்கு உதறணும்?" அவள் திரும்பிப் பார்க்காமல் சொன்னாள். "அவரு என்கூட வரட்டும். இத்தனை வருஷத்துல ஒரு நாளாவது எங்கயும் நிக்காம என்கூட நேரே வீட்டுக்கு வரட்டும். வந்து கூரையைப் பாக்கட்டும்."

செரிங் கடை வாசல் வரைக்கும் வந்திருந்தாள். ரொட்டிக்கு நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். ஒரு நிமிஷம் நின்றவள்போல இருந்தாள், ஆனால் நிற்கவில்லை. பாசிங்கைப் பிடிக்க வேகமாக நடந்தாள்.

ரொமுலோ ரொட்டியைத் தாளில் சுருட்டிக்கொண்டு இரண்டு பெண்களுக்கும் பக்கத்தில் ஓட்டமும் நடையுமாக வந்தான். நிறுத்தக்கூடாது என்று அவனுக்குத் தெரியும்.

"நடந்துக்கிட்டே வாங்கிக்கங்க. எத்தனை தரட்டும் பாசிங்கக்கா?"

"ரெண்டு" என்றாள் பாசிங்.

கொடுத்தான். செரிங்கின் பக்கம் திரும்பி ஒரு ரொட்டியை நீட்டினான்.

"எனக்கும் ரெண்டு" என்றாள் செரிங்.

எல்மர் வாங்குகிற கணக்கு என்று ரொமுலோவுக்குத் தெரியும். இன்னொன்றை எடுத்து அவள் கையில் வைத்தான். செரிங் ஒன்றைக் கடித்துக்கொண்டே நடந்தாள். மற்றதை வீட்டுக்கு என்று தாளில் சுற்றி வைத்துக்கொண்டாள்.